ஒரே வீடு, இரண்டு வதிவு

கணவன் ஊரில், மனைவி குவைத்தில். அல்லது மனைவி பிள்ளைகளோடு ஊரில், கணவன் கத்தாரில். உழைப்பது இரண்டு நாட்டில், உலை கொதிப்பது ஒரே அடுப்பில். இப்படிப்பட்ட குடும்பத்தை வருமான வரிச் சட்டம் எந்த நாட்டுக் கணக்கில் எழுதுகிறது?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வருகிறது. மீமுரேக்குப் பிரியும் பாதை அங்கேதான் தொடங்குகிறது. தேயிலையும் மிளகும் ஏலமும் தரும் வருமானம் போதாமல், மலைநாட்டின் இத்தகைய ஊர்களிலிருந்து பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2024ஆம் ஆண்டில் வெளிநாட்டில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி அமெரிக்க டொலர். அந்தப் பணம் வந்து சேர்வதைப் பற்றி நாடே பேசுகிறது. அது வீடாகவும் வங்கி வைப்பாகவும் மாறிய பிறகு யாருடைய பெயரில், எந்த வதிவு நிலையில் வரிக்கு உள்ளாகிறது என்பது பேசப்படுவதே இல்லை. பேசப்பட வேண்டும். காரணம், இதில் நட்டப்படுகிறவர் பெரும்பாலும் அந்தப் பணத்தை உழைத்தவரே.

இன்று நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் கணவன், மனைவி என்ற இரட்டை அலகு கிடையாது. ஆளுக்கொரு வரி இலக்கம், ஆளுக்கொரு விவரத்திரட்டு, ஆளுக்கொரு வதிவு நிலை. வதிவுள்ளவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அது இலங்கை வரிக் கணக்கில் வரும். வதிவற்றவருக்கு இலங்கையில் ஊற்றெடுக்கும் வருமானம் மட்டுமே கணக்கு. கணவன் வதிவுள்ளவர் என்பதால் மனைவி வதிவுள்ளவர் ஆகிவிடமாட்டார்; மனைவி வதிவற்றவர் என்பதால் கணவனுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வெளிநாட்டில் பணிக்கு அமர்த்தப்பட்ட அரசாங்க உத்தியோகத்தரும் அவருடைய வாழ்க்கைத்துணையும் எத்தனை நாள் வெளியே இருந்தாலும் வதிவுள்ளவர்களாகவே கருதப்படுவர். தூதரக அதிகாரியின் மனைவிக்குச் சட்டம் ஒரு நிலையைக் கணவன் வழியாகக் கொடுக்கிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜித்தாவுக்குப் போன பெண்ணுக்கு அவளுடைய நிலை அவள் காலடியிலிருந்தே வருகிறது. இரண்டாவது முறையே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

வதிவைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் எல்லோருக்கும் தெரிந்தது 183 நாள். ஆனால் அந்த விதியை முழுதாகப் படித்தவர் குறைவு. இலங்கையின் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அந்த ஓராண்டுக்குள் 183 நாள் இங்கே இருந்தாரா என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை. அந்த ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவதொரு பன்னிரண்டு மாத காலத்தில் மொத்தம் 183 நாள் இருந்தாரா என்று கேட்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம் திரும்பி வருகிற ஆளுக்குப் பெரிய வித்தியாசம். குவைத்தில் ஒப்பந்தம் முடிந்து ஒரு பெண் 2026 ஜனவரி நடுவில் ஊர் திரும்பி இங்கேயே தங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 வரை அவர் இலங்கையில் இருந்தது இரண்டரை மாதம்தான். என்றாலும், ஜனவரியில் தொடங்கும் பன்னிரண்டு மாதத்தில் 183 நாளை அவர் எளிதாகத் தாண்டிவிடுவார். அந்தக் காலம் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்குள் தொடங்குவதால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் வதிவுள்ளவர் ஆகிறார். புறப்பட்டுப் போகும் ஆண்டிலும் இதே கதைதான். ஆக, இடையில் கிடக்கும் முழு ஆண்டுகளில் மட்டுமே நாள் எண்ணிக்கைப்படி அவர் ஐயமின்றி வதிவற்றவர். வீட்டுவேலை செய்யும் பெண்ணின் சம்பளம் பெரும்பாலும் வரிவிலக்கு எல்லைக்குள் அடங்கிவிடும் என்பதால் அவருக்கு இது பெரிதாக உறைக்காது. டோஹாவில் பொறியியலாளராக இருக்கும் கணவனுக்கு உறைக்கும். ஆகவே கடவுச்சீட்டில் குடிவரவு முத்திரை குத்திய பக்கங்களை, பழைய கடவுச்சீட்டு காலாவதியான பிறகும், பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். வதிவுக்கான முதல் சாட்சி அதுதான்.

நாள் எண்ணிக்கைக்கு வெளியே இன்னொரு அளவுகோலும் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் இலங்கையில் வசிப்பவராக இருந்தாலே வதிவுள்ளவர். வசிப்பது என்றால் என்ன? வாழ்க்கைத்துணை மறுபடியும் உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இலங்கையின் வரிச்சட்டம் பிரித்தானிய மரபில் வளர்ந்தது. அந்த மரபில் 1879இல் தீர்க்கப்பட்ட ரொஜர்ஸ் வழக்கு என்று ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஒரு கப்பல் தலைவர் அந்த வரியாண்டு முழுவதும் கடலிலேயே இருந்தார். நாட்டில் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஊர் வீட்டில் இருந்தார்கள். அவர் வதிவுள்ளவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பம் இருக்கும் வீடே அவர் வீடு, அவர் திரும்பி வரும் இடம் அதுவே என்பது காரணம். வெளிநாட்டில் வேலை செய்கிறவரின் மனைவி மக்கள் உள்ளூரில் இருந்தால் அவர் வதிவைப் பற்றிய கேள்வி 183 என்ற எண்ணோடு முடிந்துவிடாது என்பதற்கு அந்த வழக்கு ஒரு நல்ல எச்சரிக்கை.

இருநாட்டு ஒப்பந்தங்களிலும் இதே எண்ணம் ஓடுகிறது. இரட்டை வரியைத் தவிர்க்க ஐக்கிய அரபு இராச்சியம், கத்தார், குவைத் ஆகியவற்றோடு இலங்கை ஒப்பந்தம் செய்திருக்கிறது. இந்தியாவோடு இப்போதுள்ள ஒப்பந்தம் 2013 ஜனவரியில் கையெழுத்தானது. ஒருவரை இரண்டு நாடுகளும் தம்முடைய வதிவாளர் என்று கோரும்போது, நிலையான வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். இரண்டிலும் வீடு இருந்தால், அவருடைய சொந்த உறவும் பொருளாதார உறவும் எந்த நாட்டோடு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அங்கே துணைவரும் பிள்ளைகளும் வாழும் ஊருக்குக் கனம் அதிகம்.

இன்றைய நிலைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. கணவனோடு வாழும் மனைவியின் வருமானம் கணவனுடையதாகவே அதில் எண்ணப்பட்டது. 1958இல் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் இங்கே வந்து யோசனை வழங்கினார். அதைத் தழுவி வந்த சீர்திருத்தங்கள் செலவு வரி, செல்வ வரி, கொடை வரி என்று பல புதியவற்றைக் கொண்டுவந்தன. அவற்றோடு குடும்பத்தை ஓர் அலகாக வைத்து வரி கணக்கிடும் முறையும் வந்தது. மனைவியைத் தனி வரிசெலுத்துநராக ஏற்கும் மாற்றம் 1970களின் கடைசியில்தான் நிகழ்ந்தது. ஆனாலும் இதில் இலங்கை பிந்திவிடவில்லை. பிரித்தானியாவில் மனைவியின் வருமானம் கணவனின் விவரத்திரட்டிலிருந்து முழுதாக விடுபட்டது 1990 ஏப்ரலில். மணமான பெண்ணின் சட்ட வாழ்விடம் தானாகவே கணவனுடையதாகிவிடும் என்ற பழைய விதியை அந்த நாடு கைவிட்டதே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான்.

கடல் கடந்த குடும்பங்களின் வரி வழக்கு என்றால் தமிழர் மறக்கக்கூடாத ஒன்று அருணாசலம் செட்டியார் வழக்கு. இலங்கையின் கோப்பிக்கும் தேயிலைக்கும் கடன் கொடுத்து வளர்ந்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கடை இங்கே, குடும்பம் செட்டிநாட்டில். தேவகோட்டை அருணாசலம் செட்டியாருடைய மகன் 1934இல் இறந்தார், தந்தை 1938இல் இறந்தார். இலங்கையில் இருந்த சொத்துக்கு மரண வரி கேட்டது அரசாங்கம். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்துக்கு அந்த வரியிலிருந்து விலக்கு இருந்தது. மகன் போன பிறகு குடும்பத்தில் ஆண் பங்காளி ஒருவரே மிஞ்சினார், ஆகவே கூட்டுக் குடும்பம் முடிந்துவிட்டது, சொத்து அவருடைய தனிச் சொத்து என்பது அரசின் வாதம். இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1957இல் அதை ஏற்க மறுத்தது. மருமகளும் மற்றப் பெண்களும் இருக்கும்வரை குடும்பம் இருக்கிறது. அவர்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வம்சத்தைத் தொடரச் செய்யலாம் என்றது. கொழும்பில் கிடந்த சொத்தின் வரியை, இந்தியாவில் வாழ்ந்த பெண்களின் இருப்பு தீர்மானித்தது. பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைத்தது.

செட்டியார் குடும்பத்துக்கு வீட்டுப் பெண்கள் எங்கிருந்தார்கள் என்பது காப்பாக அமைந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதே கேள்வி கத்தியாக வந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை கேட்போர் மணமானவராயின் ஏழு ஆண்டும், மணமாகாதவராயின் பத்து ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வதிந்திருக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. மணமான ஆண் விண்ணப்பித்தால் அவனுடைய மனைவியும் திருமணமான முதலாண்டுக்குள்ளிருந்தே இங்கே இடைவிடாது வதிந்தவளாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தைத் தாண்டிய பயணம் வதிவை முறித்துவிடும். பிரசவத்துக்கோ, நோயுற்ற தாயைப் பார்க்கவோ திருச்சிப் பக்கம் போன மனைவி திரும்பத் தாமதித்தால், இங்கே பிறந்து இங்கேயே தேயிலை பறித்து வளர்ந்த கணவனின் விண்ணப்பமும் ஆட்டம் கண்டது. பிறகு 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்திய வம்சாவளியினரான 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் இரு வேறு நிலைகளில் மனிதர் வாழ்ந்தனர். நாடற்றவர் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வதிவு என்ற சொல்லைக் கேட்டதும் மலையக மக்களுக்கு அலுவலகப் பயம் வருகிறதென்றால் அதற்கு நியாயம் உண்டு. துணையின் வதிவு தன் கழுத்தைச் சுற்றிய வரலாறு அவர்களுடையது. இன்றைய வரிச்சட்டம் அந்த முடிச்சைப் போடவில்லை என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

ஆனால் குடியுரிமை வரியில் முக்கியம்தான். ஆண்டு வருமானத்தில் முதல் பகுதிக்கு வரி இல்லை என்று கழிக்கும் தனிநபர் நிவாரணம் 2025 ஏப்ரல் 1 முதல் 18 இலட்சம் ரூபா. இது வதிவுள்ளவர்களுக்கு உண்டு. வதிவற்றவராயினும் இலங்கைக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருப்பவருக்கும் உண்டு. வதிவும் இல்லை, குடியுரிமையும் இல்லை என்றால் நிவாரணம் கிடையாது. முதல் ரூபாவிலிருந்தே வரி. குவைத்தில் இருக்கும் இலங்கைப் பெண்ணுக்கு இந்த நிவாரணம் முழுதாகக் கிடைக்கிறது. இதைத்தான் பல குடும்பங்கள் பயன்படுத்தாமல் விட்டுவிடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கணவன் கண்டியில் மாதம் 140,000 ரூபா சம்பளம் பெறுகிறார், ஆண்டுக்கு 1,680,000. நிவாரணத்துக்குள் அடங்கியதால் வரி இல்லை. மனைவி அனுப்பிய பணத்தில் திகன பக்கம் ஒரு வீடு கட்டி மாதம் 60,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆண்டு வாடகை 720,000. வீட்டின் உறுதி கணவன் பெயரில் இருந்தால், வாடகையில் பராமரிப்புக்கென நான்கில் ஒரு பங்கான 180,000 கழிந்து, மீதி 540,000 அவர் சம்பளத்தோடு சேரும். மொத்தம் 2,220,000. நிவாரணம் போக 420,000க்கு வரி. முதல் பத்து இலட்சத்துக்கு வீதம் 6 சதவீதம் என்பதால் 25,200 ரூபா. உறுதி மனைவி பெயரில் இருந்தால் அவருடைய இலங்கை வருமானம் அந்த வாடகை மட்டுமே. 18 இலட்சத்துக்கு வெகு கீழே. வரி ஒரு சதமும் இல்லை. குவைத் சம்பளமும், அவர் முழு ஆண்டும் வதிவற்றவராக இருக்கும்வரை, இலங்கைக் கணக்கில் வராது. இருவர் பெயரிலும் இருந்தால் வருமானம் அவரவர் பங்கின்படி பிரியும். பங்கு தெளிவில்லையென்றால் சமமாகப் பிரியும்.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் வதிவற்ற துணையின் பெயருக்கு மாற்றினால் போதும் என்று எவரும் புறப்பட வேண்டாம். வரியைக் குறைக்கவென்றே வருமானத்தை நெருங்கியவர்களிடையே பிரித்துக் காட்டினால் அதைத் திருத்தி எழுத இறைவரி ஆணையாளர் நாயகத்துக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. இந்தியச் சட்டம் இன்னும் வெளிப்படையானது: கணவன் தன் சொத்தை மனைவிக்கு விலையின்றி மாற்றிக் கொடுத்தாலும் அதிலிருந்து வரும் வருமானம் கணவன் கணக்கிலேயே சேரும். நான் சொல்வது இதற்கு நேர்மாறான நிலை. பணம் அவளுடையது. அவள் உழைத்தது. உறுதியை அவள் பெயரில் எழுதுவது தந்திரம் அல்ல, உண்மையை எழுதுவது. கணவன் பெயரில் எழுதுவதுதான் உண்மையை மறைக்கிறது, அதற்கு ஆண்டுதோறும் வரியும் கட்டச் சொல்கிறது. குடும்பம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. மலைநாட்டில் அதை அறியாதவர் இல்லை.

வங்கி வைப்புகளில் இன்னொரு இழப்பு நடக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே பிடித்துக்கொள்கிறது. மேலே சொன்ன கணவன் பெயரில், வாடகை வீடு எதுவும் இல்லாமல், ஆண்டுக்கு 320,000 ரூபா வட்டி தரும் வைப்பு இருந்தால் வங்கி பிடிப்பது 32,000. அவருடைய மொத்த வருமானம் 20 இலட்சம், வரிக்குரியது 2 இலட்சம், வரி 12,000 மட்டுமே. விவரத்திரட்டுக் கொடுத்தால் 20,000 ரூபாவைத் திருப்பிக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் அது போனதுதான். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து இந்தப் பிடிப்பையே தவிர்க்கலாம். அதற்கு வரி இலக்கம் வேண்டும். வரி இலக்கம் எடுத்தால் வரி வந்துவிடும் என்ற பயத்தில் எடுக்காமலே இருந்து, கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வளைகுடா நாடுகளில் இன்று சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. ஓமான் மட்டும் பெருவருமானத்தினருக்கு 2028 முதல் விதிக்கச் சட்டம் செய்திருக்கிறது. இத்தாலியில் வேலை செய்யும் இலங்கையர் அங்கே வரி கட்டுகிறார்கள். ஊரிலிருக்கும் மனைவியைத் தங்கி வாழ்பவராகக் காட்டி அவர்கள் பெற்றுவந்த வரிக்கழிவு, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள குடியுரிமையாளருக்கு நின்றுபோனது. இத்தாலியில் மனைவி உடனிருப்பவருக்குக் கழிவு உண்டு, ஊரில் விட்டு வந்தவருக்கு இல்லை. பிரிந்து வாழும் வலிக்கு மேல் ஒரு தண்டமும். ஜப்பான் அப்படி மறுக்கவில்லை. உறவுக்குச் சான்றும் பணம் அனுப்பியதற்குச் சான்றும் கேட்கிறது. அதனால் அங்கிருப்பவர் வங்கிக்கு வெளியே உண்டியல் முறையில் பணம் அனுப்பினால் கழிவை இழக்கிறார்; வங்கிச் சீட்டு இருந்தால் பெறுகிறார்.

அமெரிக்காவில் சிக்கல் இரட்டிப்பு. கூட்டாட்சி வரிக்குக் கணவனும் மனைவியும் ஒரே விவரத்திரட்டுக் கொடுக்கலாம். ஊரிலிருக்கும் வதிவற்ற மனைவியையும் வதிவுள்ளவராகக் கருதும்படி தெரிவு செய்யலாம். ஆனால் அப்படித் தெரிவு செய்தால் அவருடைய உலக வருமானமும் அமெரிக்க வரிக்குள் வந்துவிடும். ஹுன்னஸ்கிரியவில் அவர் பெயரிலுள்ள வாடகை வீடு உட்பட. இதற்குமேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வதிவைத் தனியாகக் கணக்கிடுகிறது. கணவன் கலிபோர்னியாவிலும் மனைவி வருமான வரியே இல்லாத டெக்ஸாஸிலும் வேலை செய்தால், யாருடைய சம்பளம் எந்த மாநிலத்துக்கு என்பதைத் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் மணவாழ்க்கையில் ஈட்டியது இருவருக்கும் பொது என்ற சொத்துச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் கோவாவின் போர்த்துக்கேயக் குடியியல் சட்டத்தின் கீழுள்ள தம்பதியருக்கு, சம்பளம் தவிர்ந்த வருமானத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தனிப்பிரிவு வருமான வரிச் சட்டத்திலேயே இருப்பதும் இதே பொதுச் சொத்து எண்ணத்தால்தான்.

இவற்றோடு ஒப்பிட்டால் இலங்கையின் முறை எளிமையானது. ஆனால் அரசின் வேறு கதவுகளில் பெண் தனியாள் அல்ல. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் குடும்பப் பின்னணி அறிக்கையும் 2013இல் வந்தன. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. தகப்பன்மாருக்கு அப்படி எதுவும் கேட்கப்படவில்லை. போகும்போது தாயாகவும் மனைவியாகவும் மட்டும் நிறுத்திப் பார்த்தவளை, போன பிறகு வரித் திணைக்களம் தனி மனுஷியாக மதிக்கிறது. அந்த மதிப்பு அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் புறப்படுவதற்கு முன்பே சில வேலைகள் நடக்க வேண்டும்: அவள் பெயரில் வரி இலக்கம், அவள் பெயரில் அல்லது இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, காணி வாங்குவதானால் உறுதி யார் பெயரில் என்ற முடிவு, ஊரில் அவளுக்காகக் கையெழுத்திட நம்பிக்கையான ஒருவருக்கு எல்லை வரையறுத்த அற்றோணித் தத்துவம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் புறப்பாட்டுக்கு முந்திய பயிற்சியில் இதற்கென ஒரு மணிநேரம், தமிழிலும் சிங்களத்திலும், ஒதுக்கலாம். கண்டியிலுள்ள இறைவரித் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் மாதமொருமுறை உடதும்பர, மெததும்பர பிரதேச செயலகங்களில் வந்து உட்கார்ந்தாலும் போதும். மலையிறங்கிக் கண்டிக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்காமல் சனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். கணவனுடையது ஒன்று, மனைவியுடையது ஒன்று; அவர் கடல் கடந்து இருந்தாலும் அதில் இருக்க வேண்டியது அவருடைய பெயர்.